அப்பாவின் பழைய கிளாசிக்கல் கிட்டார்: எங்கே செய்தது, என்ன விலை பெறும்?

ஈசூன் செல்வி:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே வீணை, வயலின் பற்றித்தான் அதிகம் பேசுகிறீர்கள். கிட்டார் பற்றிக் கேட்கலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

அப்பா தவறிப் பதினான்கு மாதம் ஆகிறது. போன வாரம் ஈசூன் வீட்டு ஸ்டோர் ரூமை ஒழித்தபோது அலமாரி மேலிருந்த அவருடைய கிட்டாரை இறக்கினோம். நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வீட்டில் இருப்பது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் வாசிப்பார். அப்புறம் பழைய வேட்டித் துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். நாங்கள் யாரும் தொடக்கூடாது.

அப்பா இங்கே சிங்கப்பூரில், பிரிட்டிஷாரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவர். 1968 டிசம்பரில் தளத்தின் பட்டறை செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறிய பிறகும் அங்கேயேதான் வேலை. கிட்டார் எப்படி வந்தது என்று கேட்டால் வீட்டில் எப்போதும் ஒரே கதைதான். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊர் திரும்பும்போது, "இது ஸ்பெயினில் வாங்கியது, நீ வைத்துக்கொள்" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனாராம்.

அண்ணன் விற்றுவிடலாம் என்கிறார். ஸ்பெயின் கிட்டார் என்றால் ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நகரத்தில் ஒரு கடைக்கு எடுத்துப்போனோம். கடைக்காரர் கிட்டாரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கக்கூட இல்லை. "பிளைவுட். ஐம்பது வெள்ளி தரேன்" என்றார். அப்பா ஐம்பது வருஷத்துக்கு மேல் துடைத்து வைத்த பொருளை அப்படி ஒரு வார்த்தையில் தள்ளியது எனக்குப் பொறுக்கவில்லை. மூடித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். துளைக்குள் எட்டிப் பார்த்தால் லேபிள் இருக்கிறது. மேல் பாதியை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. மிச்சத்தில் பூவேலை போட்ட ஓரமும், ஆங்கிலத்தில் "நம்பர் 20" என்பதும், அதன் கீழே கையால் எழுதிய சீன எழுத்துகளும் தெரிகின்றன. பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு கடை ஸ்டிக்கர். அதிலும் பெயர் உள்ள பாதி போய்விட்டது. கடைசி வரி மட்டும் முழுதாக இருக்கிறது: நார்த் பிரிட்ஜ் ரோடு, சிங்கப்பூர் 7.

இதை யார் செய்தது, எப்போது செய்தது, உண்மையில் என்ன பெறும்? கேட்ட உடனே விற்கப்போவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தேக்கா பாஸ்கர்:

அக்கா, ஐம்பது வெள்ளிக்குக் கொடுக்காமல் வந்தீர்களே, நல்ல காரியம். இது என்ன கிட்டார் என்று சொல்லும் அளவுக்கு எனக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தந்தி மாற்றும்போது ஸ்டீல் தந்தி போட்டுவிடாதீர்கள். நைலான் தந்தி ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோதான் இழுக்கும். ஸ்டீல் என்றால் 70 கிலோவைத் தாண்டும். என் சித்தப்பா மகன் சத்தம் பலமாக வரட்டும் என்று போட்டான். மூன்றாம் நாள் ராத்திரி பட்டென்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் தந்தி கட்டியிருந்த கட்டை முகப்பலகையில் ஒரு சில்லையும் பிய்த்துக்கொண்டு கிடக்கிறது.

மரத்தூள்:

செல்வி அம்மா, வணக்கம். நான் தஞ்சாவூரில் வீணைப் பட்டறையில் வளர்ந்தவன். இங்கே வந்து 22 வருஷமாக வீணை, கிட்டார் இரண்டும் பழுது பார்க்கிறேன். பெட்டியை மூடிவைத்துக்கொண்டு விலை சொன்னவர் பேச்சை விடுங்கள். கிட்டாரின் கதையில் பாதி அதன் வயிற்றுக்குள் இருக்கும். பொறுமையாகப் பார்த்துச் சொல்லுங்கள், நான் கூடவே வருகிறேன்.

முதலில் பிளைவுட்டா இல்லையா என்பது. சத்தத் துளையின் ஓரத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முகப்பலகையில் நெருக்கமாக ஓடும் ரேகைகள் ஓரத்தில் வளைந்து அப்படியே கீழே இறங்கினால் அது ஒரே பலகை. அடுக்கடுக்காக, வேஃபர் பிஸ்கட் மாதிரி கோடு தெரிந்தால் பிளைவுட். ஒரே பலகையாக இருந்தால் நிறத்தையும் சொல்லுங்கள். தேன் நிறம் என்றால் பெரும்பாலும் ஸ்புரூஸ், செம்பழுப்பு என்றால் சீடர்.

அப்புறம் முதுகு. வெளியே தெரியும் ரேகை ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, துளை வழியாக உள்ளே அதே இடத்தைப் பாருங்கள். அதே ரேகை உள்ளேயும் இருந்தால் ஒரே பலகை. உள்ளே வேறு மரம் மாதிரி இருந்தால் ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட். முகமும் முதுகும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்தக் காலத்தில் முகத்துக்கு நல்ல பலகை, முதுகுக்கு ஒட்டு என்று செய்தது ஏராளம்.

மூன்றாவது, கைப்பேசியில் விளக்கைப் போட்டு, கேமராவைத் துளைக்குள் விட்டு முகப்பலகையின் அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். துளைக்குக் கீழே குச்சிகள் விசிறி மாதிரி விரிகின்றனவா, அல்லது ஏணிப்படி மாதிரி குறுக்கே மட்டும் போகின்றனவா? ஸ்பெயினில் அன்டோனியோ டி டோரஸ் என்ற பெரியவர் (1817–1892) ஏழு குச்சி விசிறியை நிலைநிறுத்தினார். நல்ல கிளாசிக்கல் கிட்டார் செய்தவர்கள் அதைத்தான் தங்கள் தங்கள் வழியில் பின்பற்றினார்கள். மலிவுச் சரக்கில் பெரும்பாலும் ஏணிதான். அப்படியே கழுத்து உடம்போடு சேரும் அடிக்கட்டையையும் ஒரு படம் எடுங்கள். மாட்ரிட்டின் ராமிரெஸ் பட்டறையில், செய்த கைவினைஞரின் முத்திரையை அங்கே குத்திவைப்பார்கள்.

தலைப்பக்கம் தந்தி படியும் வெள்ளைக் கட்டையிலிருந்து பன்னிரண்டாவது மெட்டு வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். தந்தி அதிரும் நீளம் அதுதான், அந்த அளவும் வேண்டும். (கிட்டார்காரர்கள் ஃபிரெட், பிரிட்ஜ் என்பதை நான் வீணைக்குச் சொல்வதுபோல் மெட்டு, குதிரை என்றுதான் சொல்வேன். பழகிவிட்டது.)

கடைசியாக அந்த எழுத்துகள். சீனம் என்று முடிவு கட்ட வேண்டாம். ஒவ்வொன்றும் பார்க்க எப்படி இருக்கிறது என்று உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்.

தயவுசெய்து ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். மேல்பூச்சு அவலரக்காக (ஷெல்லாக்) இருந்தால் ஒரே துடைப்பில் கரைந்து போகும்.

அஞ்சல் மணியம்:

கிட்டார் எனக்குத் தெரியாது. விலாசம் தெரியும். முப்பத்தைந்து வருஷம் அதில்தான் போனது.

"சிங்கப்பூர் 7" என்பது பழைய அஞ்சல் வட்டார எண். மிடில் ரோடு சுற்றுவட்டாரம். அந்த முறை வந்தது 1950இல். 1979இல் நான்கு இலக்கம் ஆனது, 1995இல் இப்போதுள்ள ஆறு இலக்கம் வந்தது. ஆகவே அந்த ஸ்டிக்கரை அச்சடித்தது 1950க்கும் 1979க்கும் நடுவில். கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஸ்பெயினில் வாங்கிய கிட்டாரின் பெட்டியில் நார்த் பிரிட்ஜ் ரோட்டுக் கடை ஸ்டிக்கர் எதற்கு? பெட்டி மட்டும் இங்கே வாங்கியிருக்கலாம். இருந்தாலும் எனக்கு உறுத்துகிறது.

தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், தமிழ் முரசு எல்லாம் தேடலாம், இலவசம். விளம்பரங்களை மட்டும் தனியாகத் தேட வசதி உண்டு. தெருப் பெயரையும் கிட்டாரையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். சில பக்கங்கள் வீட்டில் திறக்காது. விக்டோரியா ஸ்ட்ரீட் நூலகத்துக்கு நேரில் போனால் திறக்கும்.

ஈசூன் செல்வி:

நேற்று ராத்திரி அம்மா தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் போர்வை விரித்துப் பார்த்தேன். சொன்னபடி ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

முகப்பலகை ஒரே பலகை. ரேகைகள் ஓரத்தில் வளைந்து இறங்குவதை என் கண்ணால் பார்த்தேன். தேன் நிறம். அப்பாவின் வலது கை படும் இடம் மட்டும் கொஞ்சம் கறுத்து, வழுவழுவென்று இருக்கிறது. முதுகு ஒட்டுப்பலகைதான். வெளியே கருஞ்சிவப்பில் அலை அலையாக ரேகை, உள்ளே வெளிறிய வேறு மரம். கடைக்காரர் சொன்னது பாதி சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விசிறிக் குச்சிகள் ஏழு. மூன்று முறை எண்ணினேன். கழுத்தின் அடிக்கட்டையில் முத்திரை எதுவும் இல்லை. அளவு 32.5 செ.மீ., இரண்டால் பெருக்கினால் 65.

இப்போது எழுத்துகள், மேலிருந்து கீழாக. முதல் எழுத்தின் இடப்பக்கம் நடுவில் கோடு போட்ட பெட்டி, வலப்பக்கம் சிக்கலாக ஏதோ, அதன் அடியில் ஒரு சின்னப் பெட்டி. இரண்டாவதில் இடப்பக்கம் கிளை விரித்த மரம், வலப்பக்கம் வெறும் சதுரம். மூன்றாவது ஒரு பெட்டி, உள்ளே இரண்டு கால்கள் தொங்குகிற மாதிரி. அடுத்தது கூட்டல் குறி. அடுத்தது ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கோடு. கடைசி எழுத்தில் குறுக்குக் கோடுகளும், அவற்றின் நடுவே நீளமாக இறங்கும் ஒரு கோடும். அதற்குக் கீழே லேபிள் கிழிந்திருக்கிறது.

மரத்தூள்:

அம்மா, நீங்கள் எழுதியதே போட்டோ மாதிரி இருக்கிறது. அது ஜப்பானிய எழுத்து.

முதல் இரண்டும் சேர்ந்து "ஷோவா". ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிதோ ஆட்சிக்கால ஆண்டுக்கணக்கின் பெயர். கால் தொங்கும் பெட்டி நான்கு, கூட்டல் குறி பத்து, மூன்று கோடு மூன்று. நான்கு பத்தும் மூன்றும், அதாவது 43. கடைசி எழுத்துக்கு ஆண்டு என்று பொருள். ஷோவா ஆண்டோடு 1925ஐக் கூட்டினால் நம் கணக்கு வரும். உங்கள் கிட்டார் 1968இல் ஜப்பானில் செய்தது. ஸ்பெயின் இல்லை.

இதைக் கேட்டு அண்ணன் வருத்தப்படலாம். வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஆண்டுகளில் ஜப்பானில் கிளாசிக்கல் கிட்டாருக்குப் பெரிய மோகம். மசாரு கோனோ என்பவர் மாட்ரிட்டுக்குப் போய் ஆர்காஞ்சல் ஃபெர்னாண்டஸின் பட்டறையில் இருந்து கற்றுக்கொண்டு திரும்பினார். 1967இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் கிட்டார் செய்வோருக்கு நடந்த போட்டியில் அவருடைய கிட்டார்தான் முதலிடம். அதற்கு அடுத்த வருஷம் செய்தது உங்களுடையது. உங்களுடையது கோனோ கிட்டார் என்று சொல்லவில்லை, அந்த முதுகைப் பார்த்தால் நிச்சயமாக இல்லை. ஆனால் முகத்துக்கு ஒரே பலகையும் ஏழு குச்சி விசிறியும் போட்டவர் சத்தத்தைப் பற்றி யோசித்தவர். பணத்தை எங்கே போட வேண்டும், எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சத்தம் முகப்பலகையில் பிறக்கிறது. முதுகு ஒட்டுப்பலகையாக இருப்பதில் இந்த ஊருக்கு ஒரு நல்லதும் உண்டு. காற்றில் 80 சதவீத ஈரம் உள்ள இடத்தில் ஒட்டுப்பலகை அவ்வளவு சுலபமாக வெடிக்காது.

"நம்பர் 20" பற்றி. ஜப்பானியப் பட்டறைகள் பலவும் விலையையே மாடல் எண்ணாக வைத்தன. கோனோ பத்தாயிரம் யென் கணக்கில் வைத்தார், அவருடைய நம்பர் 10 என்றால் ஒரு லட்சம் யென். சாதாரணப் பட்டறைகள் பலவற்றில் ஆயிரம் யென் கணக்கு. உங்கள் கிட்டாரின் தரத்துக்கு இரண்டாவது கணக்குதான் பொருந்தும், 20,000 யென். அப்போது ஓர் அமெரிக்க டாலருக்கு 360 யென், நம் வெள்ளி மூன்று சொச்சம். கணக்குப் போட்டால் 170 வெள்ளி வருகிறது. 1968இல் அது சும்மா தூக்கிக் கொடுக்கிற பணம் இல்லை.

இன்றைய விலை. செய்தவர் பெயர் இருந்த பாதி போய்விட்டது. சந்தையில் பெயருக்குத்தான் முதல் விலை. பெயர் இல்லாமல், முதுகு ஒட்டுப்பலகை, முகம் வெடிப்பில்லாமல், கழுத்து நேராக இருந்தால் என் கணிப்பு 250இலிருந்து 400 வெள்ளி. ஆயிரம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், ஐம்பது என்றாலும் நம்ப வேண்டாம். பெயரைக் கண்டுபிடித்தால் கணக்கு மாறலாம். சில கைவினைஞர்கள் முகப்பலகையின் அடியில் பென்சிலால் கையெழுத்துப் போடுவார்கள். நீங்கள் எடுத்த படங்களை இன்னொரு முறை நிதானமாகப் பாருங்கள். பெட்டியில் உள்ள துணி விரிப்பைத் தூக்கி அடியிலும் பாருங்கள். ரசீது, ட்யூனிங் விசில், அறுந்த தந்தி என்று எனக்கு எத்தனையோ கிடைத்திருக்கிறது.

தேக்கா பாஸ்கர்:

மரத்தூள் அண்ணே, ஒரு சந்தேகம். அந்த முதுகு பிரேசில் ரோஸ்வுட்டாக இருந்தால் வெளிநாட்டுக்கு விற்க அனுமதி வேண்டும் என்கிறார்களே?

மரத்தூள்:

சரியான கேள்வி தம்பி. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் சைட்டிஸ். பிரேசில் ரோஸ்வுட் 1992இலிருந்து அதன் முதல் பட்டியலில் இருக்கிறது. அந்த மரம் உள்ள கிட்டார் எல்லை தாண்ட அனுமதிப் பத்திரம் வேண்டும். இங்கே அதைப் பார்ப்பது தேசியப் பூங்காக் கழகம். மற்ற ரோஸ்வுட் வகைகளையும் 2017 ஜனவரியில் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். 2019 நவம்பரிலிருந்து செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு அதில் விலக்கு உண்டு. நம் ஊர் ஈட்டி மரமும் அந்த இரண்டாம் பட்டியல்தான். செல்வி அம்மா கிட்டாரின் மேலடுக்கு எந்த மரம் என்று கையில் வாங்கிப் பார்த்தால்தான் சொல்வேன். எழுத்தை வைத்துச் சொல்வது தப்பு.

ஈசூன் செல்வி:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், எழுத முடியவில்லை.

மணியம் ஐயா சொன்ன தளத்தில் தேடினேன். 1969ஆம் வருஷத்து ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு விளம்பரம் கிடைத்தது. அதே தெரு, அதே வட்டார எண். ஜப்பான் கிட்டார்கள் வந்திருக்கின்றன, தவணையில் வாங்கலாம் என்று இருந்தது. கடைப் பெயரை இங்கே போடவில்லை, அந்தக் குடும்பம் இன்னும் இருக்கலாம்.

அப்புறம் பெட்டி. உள்ளே சிவப்பு வெல்வெட் மாதிரி ஒரு துணி. கழுத்து படுக்கிற இடத்தில் மட்டும் ஓரம் பிரிந்து, மறுபடியும் கோந்து போட்டு ஒட்டியிருந்தது. அம்மாவின் கண்புருவக் கத்தியை விட்டு மெல்ல நெம்பினேன். உள்ளே நான்காக மடித்த ஓர் அட்டை. தவணை அட்டை. அப்பா பெயர், அப்பா கையெழுத்து. 1970 மார்ச்சில் முன்பணம் 30 வெள்ளி. அதன் பிறகு மாதம் 15 வெள்ளி வீதம் பத்து மாதம், ஒவ்வொரு கட்டத்திலும் நீல ரப்பர் முத்திரை. ஒரு மாதம்கூடத் தவறவில்லை. மொத்தம் 180 வெள்ளி. மரத்தூள் ஐயா போட்ட கணக்குக்கு எவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறது பாருங்கள்.

வெள்ளைக்கார அதிகாரி யாரும் இல்லை. அப்பாவே வாங்கியிருக்கிறார்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணம் 1969இல். அப்பா சம்பளத்தில்தான் இரண்டு தங்கைகளும் பாட்டியும். அந்த நிலைமையில் கிட்டார் வாங்கினேன் என்று அவரால் வீட்டில் சொல்லியிருக்க முடியாது. தளத்திலிருந்து வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்த சமயம். நாற்காலி, மின்விசிறி, பீங்கான் தட்டு என்று அங்கே வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கெல்லாம் ஏதாவது வந்துகொண்டிருந்ததாம். கிட்டாரும் அப்படி வந்ததாக அவர் சொல்லிவிட்டார்.

அட்டையை அம்மாவிடம் காட்டலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தேன். அம்மாவுக்கு வயது எழுபத்தாறு. நேற்றுக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, முத்திரை ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துக் கொண்டே வந்தார்.

"மார்ச்லேர்ந்து மாசம் பதினஞ்சு வெள்ளி கொறைஞ்சுது. எனக்குத் தெரியாதா?" என்றார்.

"அப்புறம் ஏம்மா கேக்கல?"

"கேட்டிருந்தா வாசிக்க மாட்டாரே."

அண்ணனுக்கு இதைப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, புதுத் தந்திக்கு ஆகிற பணத்தைத் தானே தருவதாகச் சொன்னார்.

முகப்பலகையின் அடியில் பென்சில் எழுத்து எதுவும் இல்லை. செய்தவர் பெயர் இன்னும் தெரியவில்லை. அதைத் தேடுவதை விடப்போவதில்லை. மரத்தூள் ஐயா, குதிரையின் பின் ஓரத்தில் ஒரு தாளைச் செருகிப் பார்த்தேன், நகத்தின் வெள்ளை அளவுக்கு உள்ளே போகிறது. இப்படியே புதுத் தந்தி ஏற்றலாமா? சனிக்கிழமை உங்களிடம் கொண்டுவரட்டுமா?

மரத்தூள்:

ஏற்ற வேண்டாம் அம்மா. தாள் உள்ளே போகிறது என்றால் கோந்து விட ஆரம்பித்துவிட்டது. இருக்கிற தந்தியையும் இன்றைக்கே இரண்டு சுற்று தளர்த்திவிடுங்கள். குதிரையை முழுதாகக் கழற்றி, பழைய கோந்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் திரும்ப ஒட்ட வேண்டும். ஒரு வாரம் என்னிடம் இருக்கட்டும். அப்பா கை பட்டுக் கறுத்த இடத்தை நான் தொடமாட்டேன், மெருகும் போடமாட்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள். விலாசம் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அம்மாவையும் அழைத்து வாருங்கள், லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்கும். தவணை அட்டையை மட்டும் வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டு வாருங்கள். அந்தத் துணிக்கு அடியில் மறுபடியும் வைத்தால் ராமபாணம் அதையும் தின்றுவிடும்.